மௌனம் போடாத பள்ளிக்கூடம்

காலை ஒன்பது இருபது ஆனால் இன்னமும் எனக்குக் கை ஓடாது. ஓய்வு பெற்று வீட்டோடு வந்துவிட்டேன். திருமயத்தில் மெயின் ரோட்டை ஒட்டிய வீடு. வாசலில் காரைக்குடி பஸ்ஸும் புதுக்கோட்டை பஸ்ஸும் ஒன்றையொன்று முந்திக்கொண்டு ஹாரன் அடித்துப் போகும். அதெல்லாம் காதில் ஏறாது. ஒன்பது இருபதுக்குத் தோசைக் கரண்டியும் கையுமாக அப்படியே நின்றுவிடுவேன். முதுகு தானாக நிமிரும், குதிகால் இரண்டும் சேரும். என் வீட்டுக்காரர் பேப்பருக்குப் பின்னாலிருந்து, "என்ன, பிரேயர் பெல் அடிச்சாச்சா? தோசை கருகுது, சீக்கிரம் ஜனகணமன போட்டு முடி" என்பார். அவருக்கு எல்லாமே கிண்டல்தான்.

கிண்டல் பண்ணட்டும். கோட்டைப்பட்டினத்துக்குப் பக்கத்தில், பேர் சொன்னால் பஸ் கண்டக்டருக்கு மட்டும் தெரிகிற ஒரு கடலோர ஊரில், அரசு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சராக எத்தனையோ வருஷம் நின்றவள் நான். பிரேயருக்கு நான்தான் இன்சார்ஜ். எனக்குத் தொண்டை பெரிசு என்பதைத் தவிர அதற்கு வேறு தகுதி எதுவும் கேட்கப்படவில்லை. மைக் வேலை செய்யாத நாளிலும் நான் "ஸ்கூல், அட்டென்ஷன்!" என்றால் காம்பவுண்டுக்கு வெளியே வலை பின்னிக்கொண்டிருப்பவர்கள் கூட நிமிர்ந்து உட்காருவார்கள் என்று பி.டி. சார் சொல்வார். விளையாட்டுக்குச் சொல்வதாகத்தான் முதலில் நினைத்தேன்.

நான் பிறந்தது விவசாயக் குடும்பம். எங்களுக்குத் தண்ணீர் என்றால் கண்மாய்த் தண்ணீர்தான். அதற்கு அந்தக் கரை தெரியும், இறங்கினால் ஆழம் தெரியும். அந்தக் கடலோரத்துக்கு மாறுதல் வந்தபோது, இந்த உப்புக் காற்றில் மனுஷி இருப்பாளா என்று அழுதேன். பிறகு அந்த ஊரை விட்டு வரும்போதும் அழுதேன். இடையில் நடந்ததைத்தான் சொல்ல வருகிறேன்.

எங்கள் பிரேயர் மணல் தரையில் நடக்கும். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் சவுக்குத் தோப்பு, அதைத் தாண்டினால் கரை. வாழ்த்துப் பாட்டு, உறுதிமொழி, செய்தி வாசிப்பு. செய்தி வாசிக்கிற பிள்ளையின் கையிலிருந்து காற்று பேப்பரைப் பிடுங்கிக்கொண்டு போகும், நாலு பேர் துரத்திக்கொண்டு ஓடுவார்கள். அதற்கு முன்னால் ஒரு சாமி பாட்டு. எப்போதோ இருந்த ஒரு தமிழய்யா பழக்கிவிட்டது. சாமியைப் பேர் சொல்லி வா, வந்து காப்பாற்று என்று கூப்பிடுகிற பாட்டு. முஸ்லிம் பிள்ளைகள் கையைக் கூப்பாமல் பக்கவாட்டில் வைத்துக்கொண்டு நிற்பார்கள். கிறிஸ்தவப் பிள்ளைகள் முடிந்ததும் சிலுவை போட்டுக்கொள்வார்கள். யாரும் யாரையும் ஏன் என்று கேட்டதில்லை. நான் வரிசை நேராக இருக்கிறதா என்று மட்டும்தான் பார்ப்பேன்.

அப்புறம் போன் வந்தது. பள்ளிக்கூடத்துக்கென்று ஒரு வாட்ஸ்அப் குரூப் வந்தது. ஏதோ ஒரு சுதந்திர தினத்துக்கு முந்தின வாரம், யாரோ பிரேயரை வீடியோ எடுத்துக் குரூப்பில் போட்டார்கள். நல்ல எண்ணத்தில்தான் போட்டார்கள். ஒருத்தர் கீழே, "அந்த ரெண்டாவது வரிசைப் பயலுக ஏன் கையக் கூப்பல?" என்று கேட்டார். இன்னொருத்தர், "ஏன் கூப்பணும்?" என்று கேட்டார். அவ்வளவுதான். ஒரே டீக்கடையில் ஒரே பெஞ்சில் உட்காருகிறவர்கள் பெஞ்சில் பேசாமல் போனில் பேசிக்கொண்டார்கள்.

எங்கள் தலைமை ஆசிரியர் சாது. ரிட்டயர் ஆகப் போகிற வருஷம். "இந்த வருஷமாப் பாத்தா இது வரணும்" என்று தலையில் கை வைத்துக்கொண்டு, வேப்ப மரத்தடியில் பெற்றோர் கூட்டம் போட்டார்.

எப்போதும் முன்னால் வந்து உட்காரும் ஐஸ் கம்பெனிக்காரர், "நாங்க படிக்கையிலேர்ந்து பாடுறது சார். அப்ப வராத வம்பு இப்ப என்ன வந்துச்சு?" என்றார். மளிகைக்கடை பாய் எழுந்து, "பாடாதீங்கன்னு நான் சொல்லவே இல்லீங்க. எம்புள்ளையக் கையக் கூப்பச் சொல்லாதீங்கன்னுதான் சொல்றேன்" என்றார். துபாயிலிருந்து லீவில் வந்திருந்த ஒரு தகப்பன், "கவர்மென்ட் ஸ்கூல்ல எதுக்குங்க சாமி? பாடத்த நடத்துங்க" என்றார். பின்னாலிருந்து ஒரு குரல், மூன்று மதத்துக்கும் ஒரு பாட்டு வீதம் மூன்று பாட்டுப் பாடலாம் என்றது. எல்லோருடைய பேச்சிலும் நியாயம் இருந்தது. அதுதான் பெரிய தொந்தரவு.

மூன்று பாட்டு என்றதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏனென்றால் முதல் பீரியட் கணக்கு. பத்தாவதுக்கு முதல் பீரியடைப் பாட்டில் தொலைத்துவிட்டு, மார்ச் பரீட்சைக்கு ரிசல்ட் எங்கே என்று என்னைத்தானே கேட்பார்கள்? எழுந்தேன். "பாட்டே வேண்டாம். எல்லாரும் கண்ண மூடி ஒரு நிமிஷம் சும்மா நிக்கட்டும். அவங்கவங்க சாமிய அவங்கவங்க மனசுக்குள்ள நினைச்சுக்கட்டும். சாமி இல்லாதவங்க சும்மா இருக்கட்டும். யாருக்கும் வம்பு இல்ல" என்றேன்.

அப்படி ஒரு கைதட்டல். பாய் தட்டினார், ஐஸ் கம்பெனிக்காரர் தட்டினார், துபாய்க்காரரும் தட்டினார். தலைமை ஆசிரியர் என்னைப் பார்த்த பார்வையில் நான் அன்றைக்கு ஒரு சாண் வளர்ந்துவிட்டேன்.

மறுநாளே ஆரம்பித்தோம். அந்த ஒரு நிமிஷம் இருக்கிறதே, அடேயப்பா! அத்தனை பிள்ளைகளும் கண்ணை மூடி நிற்கையில், சவுக்குத் தோப்புக்கு அந்தப் பக்கம் அலை வந்து விழுவது அந்தப் பள்ளிக்கூடத்தில் முதல் தடவையாக எனக்குக் கேட்டது. வீட்டிலும் சத்தம், பஸ்ஸிலும் சத்தம், வகுப்பிலும் சத்தம் என்று கிடந்த எனக்கு அது வரம் மாதிரி இருந்தது. பி.டி. சார் விசில் ஊதி முடிக்கும்போது, இன்னும் கொஞ்சம் விட்டிருக்கலாமே என்று தோன்றும்.

அந்த வாரமே ஒரு அம்மா வந்தாள். ஸ்டாஃப் ரூம் வாசலில் நின்று கூப்பிடவில்லை, நேரே உள்ளே வந்துவிட்டாள். பத்தாவது படிக்கிற ஒரு பெண்ணின் தாய். புருஷன் விசைப்படகில் வேலைக்குப் போகிறவர். இவள் கரையில் மீன் தரம் பிரிக்கப் போவாள். சேலையைத் தூக்கிச் செருகியபடி, கையில் செதில்கூடக் கழுவாமல் வந்திருந்தாள்.

"யாரு டீச்சர் இந்த மௌனத்தப் போடச் சொன்னது?"

"நான்தான். ஏன், இப்ப என்ன?"

"யாருக்காகப் போடுறீங்க? யாரு செத்தா?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "யாரும் சாகலம்மா. இது அஞ்சலி இல்ல, பிரேயர். மனசு ஒரு நிலையில நிக்கிறதுக்கு."

"எந்த நிலையோ! மைக் வச்சு, வரிசையா நிப்பாட்டி, ஒரு நிமிசம்னு சொல்லி, தலையக் குனிஞ்சு நின்னா அதுக்கு எங்க ஊர்ல ஒரே அர்த்தந்தான். எம்புருசன் நேத்து விடியக்காலம் கடலுக்குப் போனவரு. இன்னைக்குக் காலம்பற அவரு வாராரா வரலையான்னு நான் கரையில நிக்கிறேன். அந்நேரம் பாத்து எம்மகள நிக்க வச்சு நீங்க மௌனம் போடுறீங்க. வெளங்குமா இது?"

"படிக்கிற புள்ளைய வச்சுக்கிட்டு இப்பிடியெல்லாம் பேசாதம்மா. எந்தக் காலத்துல இருக்க நீ?" என்றேன். என் குரல் உயர்ந்துவிட்டது. எப்போதும் உயர்வதுதான்.

அவள் குரல் உயரவில்லை. அதுவரை கத்தியவள், அப்போது இறங்கிப் பேசினாள். "நானும் இங்கன ஏழாவது வரைக்கும் படிச்சவதான் டீச்சர். எங்கப்பா போன வள்ளம் வரல. ஆளுக தேடிக்கிட்டு இருந்தாக. எங்க ஆத்தா கரையில நின்னுச்சு. நீ பள்ளிக்கூடத்துக்குப் போ, அப்பா வந்துருவாருன்னு என்னைய அனுப்பி விட்டுச்சு. பிரேயர்ல அப்ப இருந்த ஹெட்மாஸ்டர் மைக்குல எங்கப்பா பேரச் சொல்லி ஒரு நிமிசம் மௌன அஞ்சலின்னாரு. அப்ப வரைக்கும் அவரு செத்துட்டாருன்னு எங்கள்ட்ட யாரும் சொல்லல. யாருக்கும் தெரியவும் தெரியாது. அவசரம், போட்டுட்டாரு. எல்லாப் பிள்ளைகளும் தலையக் குனிஞ்சு ஓரக்கண்ணால என்னையப் பாத்துச்சுக. நான் நிக்கல. வரிசைய விட்டு ஓடுனவதான், அதுக்கப்புறம் இந்தப் பக்கம் வரல. அன்னைக்குச் சாயந்தரம் எங்கப்பா கரை ஒதுங்குனாரு."

கையில் ஒட்டியிருந்த செதிலைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

"மௌனம் போட்டதாலதான் செத்தாருன்னு நான் சொல்ல வரல, எனக்கும் புத்தி இருக்கு. ஆனா எனக்கு அது ஆகாது. எங்க தெருவுல யாருக்கும் ஆகாது, வாயத் தொறந்து சொல்லல, அம்புட்டுத்தான். எங்களுக்குச் சத்தம் வேணும் டீச்சர். இன்ஜின் சத்தம் கேட்டாத்தான் எங்களுக்குச் சோறு எறங்கும். தடைக்காலத்துல வேணா மௌனம் போட்டுக்கங்க. அப்ப எல்லாப் படகும் கரையில கெடக்கும், ஆம்பளைக பூராம் வீட்ல இருப்பாக. ஆனா அப்ப ஒங்களுக்கு லீவு!"

சிரிக்கவா அழவா என்று தெரியவில்லை. அவள் சிரிக்கவில்லை. "டி.சி.யக் குடுங்க. இறால் கம்பெனிக்கு அனுப்புறேன். அங்கயாச்சும் மிசின் ஓடிக்கிட்டே இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

மறுநாள் அவள் மகள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. பத்தாவதில் பாதியில் நின்ற பெண்ணைத் திரும்ப வரிசைக்குக் கொண்டுவருவது எவ்வளவு பாடு என்று அரசுப் பள்ளியில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரு மாதச் சம்பளம் கைக்கு வந்துவிட்டால் புத்தகம் பரணுக்குப் போய்விடும். அடுத்தது மாப்பிள்ளை பார்ப்பார்கள். அந்தப் பெண் கணக்கில் கெட்டிக்காரி இல்லை, ஆனால் விடாக்கண்டி. ஒரு கணக்கு வரவில்லை என்றால், பஸ் ஸ்டாப் வரைக்கும் என் பின்னாலேயே வந்து, என் பையைப் பிடித்து நிறுத்தி, "இந்த ஸ்டெப் எப்புடி டீச்சர் வந்துச்சு?" என்று கேட்பாள். அந்தப் பிள்ளை ஐஸுக்குள் கையை விட்டு இறால் உரிப்பதை நினைத்தால் எனக்கு ஆத்திரம் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

தலைமை ஆசிரியரிடம் போய், "சார், மௌனத்த எடுத்துருவோம்" என்றேன். "எடுத்துட்டு? மறுபடி பாட்டா? மறுபடி வாட்ஸ்அப்பா?" என்று கேட்டார். கொஞ்ச நேரம் கண்ணாடியைத் துடைத்தார். பிறகு, "அந்தம்மா சத்தம் வேணும்னுதான சொல்லுச்சு? சத்தமா நிக்கட்டும். அந்த ஒரு நிமிஷம் அவனவன் வாயில என்ன வருதோ, அத வாய் விட்டுச் சொல்லட்டும்" என்றார்.

"எல்லாரும் ஒரே நேரத்துலயா? சார், இது பள்ளிக்கூடமா, ஏலக் கொட்டகையா?"

"ஏலக் கொட்டகையில சண்ட வரலையே டீச்சர்" என்றார் அந்த சாது.

மறுபடி வேப்ப மரத்தடிக் கூட்டம். பாய் சந்தேகமாக, "எம்மக அவ ஓதுறத ஓதிக்கலாமா?" என்றார். ஓதட்டும் என்றார் தலைமை ஆசிரியர். ஐஸ் கம்பெனிக்காரர், "எம்பய பழைய பாட்டையே பாடுவான்" என்றார். பாடட்டும். துபாய்க்காரர் ஊருக்குக் கிளம்பிவிட்டார், அவருக்காக அவர் மனைவி வந்திருந்தார். "எங்க வீட்டுப் பிள்ளைக்குச் சொல்ல ஒண்ணும் இல்லையே சார்?" "வாய்ப்பாடு சொல்லட்டும்மா." யாரும் கைதட்டவில்லை. ஆனால் யாரும் எழுந்து எதிர்த்தும் பேசவில்லை.

அன்று சாயங்காலம் நானே அந்தத் தாயின் வீட்டுக்குப் போனேன். அவள் என்னை உட்காரச் சொல்லி டீ போட்டுக் கொடுத்தாள். நான் விஷயத்தைச் சொன்னதும், நம்பாமல் என்னையே பார்த்தாள். "நெசமாவா? நீங்களா சத்தம் போட விடுவீங்க?" என்றாள். அதற்கு அவள் மகள் உள்ளேயிருந்து சிரித்த சிரிப்பு எனக்குக் கேட்காமல் இல்லை. கடைசியில், "அனுப்புறேன். ஆனா ஒரு நா மௌனம் போட்டீங்கன்னு தெரிஞ்சாலும் அன்னைக்கே டி.சி. வாங்க வந்துருவேன், பாத்துக்கங்க" என்றாள்.

முதல் நாள் பி.டி. சார் விசில் ஊதினார். ஒரு பிள்ளையும் வாயைத் திறக்கவில்லை. வருஷக்கணக்காக "பேசாத, பேசாத" என்று அதட்டி வைத்துவிட்டுத் திடீரென்று பேசு என்றால் எப்படிப் பேசும்? ஒன்றையொன்று பார்த்து, வாயைப் பொத்திச் சிரித்தன. ஆறாம் வகுப்பு வரிசையிலிருந்து ஒரு பொடியன், "ஓரெண்டு ரெண்டு" என்று ஆரம்பித்தான் பாருங்கள், அவ்வளவுதான், மடை திறந்துகொண்டது. முஸ்லிம் பெண் பிள்ளைகள் உள்ளங்கையை விரித்து மெல்லிசாக ஓதின. பின்வரிசையில் பழைய பாட்டு ஓடியது. ஒருத்தன் கர்த்தரைக் கூப்பிட்டான். ஒருத்தன் கிரிக்கெட் டீமில் தன்னைச் சேர்க்கச் சொல்லி யாரையோ கேட்டான். ஒருத்தி சும்மா "அ, ஆ" சொன்னாள். நான் கையைக் கட்டிக்கொண்டு முறைத்துக்கொண்டே நின்றேன். விசில் மறுபடி ஊதியதும் எல்லாரும் கப்பென்று அடங்கி நாட்டுப்பண்ணுக்கு நிமிர்ந்து நின்றார்கள். பாட்டுப் பாடிய காலத்தில்கூட அவர்கள் அவ்வளவு நேராக நின்றதில்லை.

அந்தப் பெண் என்ன சொல்கிறாள் என்று பக்கத்தில் போய்க் காதைக் கொடுத்தேன். "ஏ பிளஸ் பி ஹோல் ஸ்கொயர்" சொல்லிக்கொண்டிருந்தாள்.

வகுப்பில், "ஏண்டி, சாமி கும்பிடுற நேரத்துல ஃபார்முலாவா?" என்றேன்.

"சாமிகிட்ட எல்லாத்தையும் வீட்டுலயே கேட்டுட்டேன் டீச்சர். கணக்குல பாஸாக்கிவிட மட்டும் எந்தச் சாமியும் பொறுப்பெடுக்க மாட்டேங்குது. அதான் ஒங்களையே கும்பிட்டுக்குறேன்."

வகுப்பே கொல்லென்று சிரித்தது. நான் முறைத்தேன், ஆனால் முகம் ஒத்துழைக்கவில்லை.

நாளாக ஆக அந்தச் சத்தம் பழகிப்போனது. ஒருநாள் சந்தையில் மீன் வாங்கப் போனபோது அவள் தாய் விற்றுக்கொண்டிருந்தாள். "கரையில நின்னா ஒங்க பள்ளிக்கூடத்துச் சத்தம் நல்லாக் கேக்குது டீச்சர். எம்மகளும் அதுக்குள்ளதான் கத்திக்கிட்டு இருக்கான்னு நெனச்சுக்கிருவேன்" என்றாள். தராசில் எடை போட்டதற்கு மேல் ஒரு மீனைத் தூக்கி என் பையில் போட்டாள். வேண்டாம் என்றால் கேட்கவில்லை.

பிறகு அந்தக் காலை வந்தது. தை முடிந்து மாசிக் காற்று அடித்துக்கொண்டிருந்தது. பத்தாவதுக்குத் திருப்புதல் தேர்வு, அன்றைக்குக் கணக்கு. பஸ்ஸை விட்டு இறங்கும்போதே டீக்கடையில் சொல்லிவிட்டார்கள். முந்தின நாள் போன படகுகள் எல்லாம் வந்துவிட்டன, ஒன்று மட்டும் வரவில்லை. வயர்லெஸ்ஸில் கூப்பிட்டும் பதில் இல்லை. தேடிப் போயிருக்கிறார்கள். அது அந்தப் பெண்ணின் அப்பா போன படகு.

அவள் வந்திருக்க மாட்டாள் என்று நினைத்துக்கொண்டே கிரவுண்டுக்குப் போனேன். வந்திருந்தாள். தலை வாரி, ரிப்பன் கட்டி, வரிசையில் நின்றாள். பக்கத்தில் போய், "ஏன்டி வந்த?" என்றேன். "அம்மாதான் போகச் சொல்லுச்சு டீச்சர். இங்க இருந்தா ரெண்டு பேரும் அழுதுக்கிட்டுத்தான் இருப்போம், நீ போயிப் பரீச்சைய எழுதுன்னு" என்றாள். அவளுடைய உதடு வெள்ளையாக இருந்தது. இவள் பாட்டியும் இவள் தாயை அன்றைக்கு இப்படித்தானே அனுப்பினாள் என்று எனக்கு உறைத்தது.

உறுதிமொழி முடிந்தது. செய்தி வாசித்தார்கள். பி.டி. சார் விசில் ஊதினார்.

ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

யாரும் சொல்லிக்கொடுத்துச் செய்யவில்லை. பிள்ளைகளுக்கு விஷயம் தெரியும், அவ்வளவுதான். ஓதுகிற பிள்ளைகளும் ஓதவில்லை, வாய்ப்பாட்டுப் பொடியனும் சொல்லவில்லை. எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டு ஓரக்கண்ணால் அவளைப் பார்த்தார்கள். அலை விழுவது கேட்டது. நான் ஆசைப்பட்ட அதே அமைதிதான். ஐயோ, இப்போது வேண்டாமே என்று எனக்கு உள்ளுக்குள் பதறியது. தோப்புக்கு அந்தப் பக்கம் கரையில் அவள் தாய் நிற்கிறாள். கடல் பக்கம் ஒரு கண்ணும் எங்கள் பக்கம் ஒரு காதுமாக நிற்பாள். ஒன்றுமே கேட்காவிட்டால் அவள் என்ன நினைப்பாள் என்று எனக்குத் தெரியும். இந்தப் பெண்ணின் கால் பின்வாங்குவதும் தெரிந்தது. வரிசையை விட்டு ஓடப் போகிறாள், ஓடினால் திரும்ப மாட்டாள்.

"ஏ பிளஸ் பி ஹோல் ஸ்கொயர்!"

கத்தியது நான்தான். அந்த ஒரு நிமிஷத்தில் அதுவரை ஒரு நாளும் வாயைத் திறக்காதவள். என் முழுத் தொண்டையையும் போட்டுக் கத்தினேன், கடைசியில் குரல் உடைந்து பிசிறடித்தது. பிள்ளைகள் திடுக்கிட்டு நிமிர்ந்தார்கள். நான் அவளையே பார்த்தேன். "சொல்லுடி! ஏ பிளஸ் பி ஹோல் ஸ்கொயர்?"

அவள் கண்ணில் தண்ணீர் கொட்டியது. "ஏ ஸ்கொயர்..." என்றாள். யாருக்கும் கேட்கவில்லை.

"அப்புறம்?"

"பிளஸ் டூ ஏபி..."

"சத்தமா! கரைக்குக் கேக்கணும்!"

"பிளஸ் பி ஸ்கொயர்!" என்று அவள் அடிவயிற்றிலிருந்து கத்தினாள். அவளோடு பத்தாவது முழுக்கக் கத்தியது. பிறகு ஒன்பதாவது. ஓதுகிறவர்கள் ஓதினார்கள், பாடுகிறவர்கள் பாடினார்கள், ஆறாவது வரிசை வாய்ப்பாட்டைப் பிடித்துக்கொண்டது. தலைமை ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஏதோ பதிகம் சொல்லிக்கொண்டிருந்தார். பி.டி. சார் விசிலை வாயில் வைத்துக்கொண்டு ஊதாமலே நின்றார். முதல் பீரியடில் பாதி போய்விட்டது. போனால் போகட்டும், போ!

பரீட்சை எழுதிக்கொண்டிருக்கும்போது, உச்சிப் பொழுதுக்குக் கொஞ்சம் முன்னால், தோப்புக்கு அந்தப் பக்கமிருந்து குலவைச் சத்தம் வந்தது. ஒரு பெண் போட்டு, இன்னொருத்தி போட்டு, பிறகு கரை முழுக்க. அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றாள். "டீச்சர், போகட்டுமா?"

"பேப்பரக் கட்டிக் குடுத்துட்டு ஓடுடி" என்றேன். ஓடினாள். ஒரு செருப்பு வராண்டாவில் கிடந்தது. இன்ஜின் காத்தாடியில் வலை சுற்றிக்கொண்டு படகு காற்றோடு போயிருக்கிறது. தேடிப் போனவர்கள் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். அவள் எழுதிய பேப்பரைத் திருத்தினேன். முதல் பக்கத்திலேயே அந்த ஃபார்முலாவை ஒரு கணக்கில் தப்பாகப் போட்டிருந்தாள். மார்க் குறைத்தேன், பின்னே?

பொதுத் தேர்வில் பாஸாகிவிட்டாள். கணக்கிலும் பாஸ்தான். ரிசல்ட் வந்த பிறகு மே மாத வெயிலில் தாயும் மகளும் ஆபீஸுக்கு வந்தார்கள். பள்ளிக்கூடம் லீவு. நானும் பி.டி. சாரும் மட்டும் அட்மிஷன் வேலைக்காக இருந்தோம்.

"டீச்சர், டி.சி. குடுங்க" என்றாள் அந்தத் தாய். சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். "பிளஸ் ஒண்ணு சேக்கணும்ல."

வாங்கி, மகள் கையில் கொடுத்து, பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொன்னாள். வெளியே வந்தோம். கிரவுண்டு காலியாகக் கிடந்தது. அவள் வேப்ப மரத்தடியில் நின்று அங்கிட்டும் இங்கிட்டும் பார்த்தாள். "ஏழாவது எங்கிட்டு நிக்கும் டீச்சர்? இப்பவும் அந்தா, அந்த மூலதானா?"

"அதே எடந்தான். மாத்தவே இல்ல."

"அன்னைக்கு எங்கப்பாவுக்கு நிக்காம ஓடிட்டேன்ல" என்றாள். "இப்பத் தடைக்காலம். எல்லாப் படகும் கரையில கெடக்கு. இவ அப்பாகூட வீட்ல படுத்துத் தூங்குறாரு. இன்னைக்கு யாரும் கடல்ல இல்ல. நின்னுட்டுப் போயிறட்டுமா டீச்சர்?"

தலையை மட்டும் ஆட்டினேன்.

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு, சுடுமணலில் நடந்து போய், அந்த மூலையில் கையைப் பக்கவாட்டில் வைத்து, ஏழாவது படிக்கிற பிள்ளை மாதிரி நேராக நின்று, கண்ணை மூடித் தலையைக் குனிந்தாள். மகள் என்னவென்று கேட்காமல் பக்கத்தில் போய் நின்றாள். நானும் நின்றேன். ஆபீஸைப் பூட்டிக்கொண்டு வந்த பி.டி. சார் எங்களைப் பார்த்துவிட்டு, சாவிக் கொத்து குலுங்காமல் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வராண்டாவிலேயே நின்றார். அவருடைய இன்னொரு கை பழக்கத்தில் விசிலுக்குப் போனது. ஊதவில்லை.

எவ்வளவு நேரம் என்று நான் பார்க்கவில்லை. அவளே கண்ணைத் திறந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "கால் சுடுது, போவமா?" என்று மகளைக் கேட்டாள்.